பவித்ராவைத் தள்ளிவிட்டது யார்

நான் டிவி பார்க்கிறவள் இல்லை. இது எங்கள் கல்லிக்கு, இந்தச் சந்து முழுவதற்கும் தெரியும், ஏனென்றால் நானேதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பை தைக்கிற வீட்டில் டிவி வந்தால் ஜிப் கோணலாகப் போகும் என்றார் என் வீட்டுக்காரர் நாகூர் கனி. நானும் ஆமாம் என்றேன். சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துகிறவர்களுக்கு வேலைவெட்டி கிடையாது என்று குழாயடியில் நின்று அறிவித்ததும் நான்தான்.

ஆனால் கேட்பது வேறு. பார்ப்பதற்குத்தான் டிவி வேண்டும், கேட்பதற்குப் பக்கத்து வீடு போதும்.

பக்கத்து வீடு முப்பிடாதி அக்காவுடையது. தாராவியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பதைச் சுவர் என்று சொன்னால் சுவருக்கே கூச்சமாக இருக்கும். வெறும் தகரம், இரண்டு பக்கமும் பெயின்ட். அங்கே கடுகு தாளித்தால் இங்கே நான் தும்முவேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு அவள் கேபிளில் தொடரைப் போடுவாள். நான் தகரத்தோரம் உட்கார்ந்து, மாடியில் வீட்டுக்காரர் தைத்துப் போடுகிற ஸ்கூல் பைகளின் ஜிப்பை மூடித் திறக்கிற ரன்னரைக் கோத்து இழுத்துப் பார்ப்பேன். கைக்குக் கூலி, காதுக்குக் கதை.

அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பெருநாளைக்குப் பிரியாணி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி வேறு மூடியோடு திரும்பி வந்தது. இது என் மூடி இல்லை என்றேன். உன் மூடிதான் என்றாள். என் மூடி எனக்குத் தெரியாதா? அதோடு சரி. மூன்று வருஷமாக ஒரே குழாயில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பிடிக்கிறோம்.

தொடரில் பவித்ரா என்று ஒரு பெண். மொட்டைமாடியிலிருந்து யாரோ அவளைத் தள்ளிவிட்டார்கள். நாத்தனாரா, கொழுந்தனா, சாமியார் வேஷத்தில் வந்த அந்தத் தொண்டை கட்டிய மனுஷனா என்று இழுத்துக்கொண்டே போனார்கள். பவித்ராவோ ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். பார்க்கிறவர்களுக்காவது அவள் முகம் இருக்கிறது. கேட்கிற எனக்கு வாரக்கணக்கில் மெஷினின் பீப் பீப் மட்டும்தான். அவளைத் தள்ளியது யார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் சஃப்ரீனின் பத்தாவது ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படித் தவித்ததில்லை. மகள் போனில் பார்த்திருக்கலாமே என்பீர்கள். அவளிடம் கேட்டால் அடுத்த நாள் குழாயடியில் என் மானம் போகும்.

இந்த லட்சணத்தில், பவித்ரா கண் திறந்த மறுநாள், முப்பிடாதியின் மகன் கண்ணா பெரிய டிவி ஒன்றை வாங்கி வந்தான். கேபிள்காரனிடம் "பந்த் கர் தோ பாய்" என்று அவன் சொன்னது தகரம் வழியாகக் கேட்டது. கேபிளையே நிறுத்தச் சொல்கிறான்!

"யம்மா, இனி எட்டு மணி எப்ப வரும்னு காத்துக் கெடக்காண்டாம். எல்லாம் நெட்லயே வரும். எப்ப வேணும்னாலும் பாத்துக்கோ. விளம்பரமும் கெடையாது."

எப்போது வேண்டுமானாலும் என்று அவன் சுலபமாகச் சொல்லிவிட்டான். அவள் எப்போது போடுவாள் என்று எனக்கு யார் சொல்வது? ஒருநாள் காலையில் இட்லி அவியும்போது போட்டாள். ஒருநாள் மதியம் நான் லுஹர் தொழுதுகொண்டிருக்கும்போது போட்டாள், அல்லா என்னை மன்னிக்கட்டும். வேறு வழியில்லாமல் நாள் முழுக்கத் தகரத்தோரமே ரன்னர் கோத்தேன். "இந்த மாசம் வேலை ஜோரா ஓடுதே" என்று வீட்டுக்காரர் மெச்சிக்கொண்டார்.

விளம்பரம் இல்லாததுதான் பெரிய கொடுமை. முன்பெல்லாம் சோப்பு விளம்பரத்தில் அரிசி களைவேன், நகை விளம்பரத்தில் மீன் கழுவுவேன். இப்போது அதற்கெல்லாம் நேரமே இல்லை. போதாக்குறைக்கு, நாத்தனார் "அன்னைக்கு மாடியில..." என்று ஆரம்பிக்கும்போது தொடர் சட்டென்று நின்றுவிடும். மூச்சுச் சத்தம்கூட வராது. பாதியில் நிறுத்திவிட்டு எவளிடமோ வம்பளக்கப் போய்விட்டாள் என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். நல்லவேளையாக அதற்குள் குக்கரை இறக்கிவிட்டு வந்துவிடுவேன்.

அந்த நாள் வந்தது. எல்லோரையும் மொட்டைமாடிக்கு வரச்சொல்லிவிட்டு பவித்ரா பேச ஆரம்பித்தாள்.

"இவ்வளவு நாளா நீங்க எல்லாரும் கேட்ட கேள்விக்கு இன்னைக்கு நான் பதில் சொல்றேன். என்னைத் தள்ளினது..."

அதற்கு மேல் தெலுங்கு.

முப்பிடாதி ரிமோட்டில் எதையோ அமுக்கித் தொலைத்துவிட்டாள். இந்தி வந்தது. இந்தி எனக்குத் தெரியும், பம்பாயில் இருந்துகொண்டு இந்தி தெரியாமலா? சந்தோஷப்படுவதற்குள் கன்னடம் வந்து, மறுபடியும் தெலுங்குக்கே போய் நின்றது. ரிமோட்டை அவள் தொடையில் தட்டுகிற சத்தம் கேட்டது. கண்ணாவுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. அவன் ஆபீஸ் விட்டு வரும்வரை பொறுத்திருக்கலாம். ஆனால் நான் என்ன கல்லா?

"ஏளா சஃப்ரீன், டிவியில தெலுங்கு வந்தா எப்படித் தமிழுக்கு மாத்துறது?"

"எந்த டிவி உம்மா?"

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன்."

"ஆடியோன்னு ஒண்ணு இருக்கும். உள்ள போனா தமிழ் இருக்கும். அவ்வளவுதான்."

துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முப்பிடாதி வீட்டு வாசலில் போய் நின்று, மூன்று வருஷம் கழித்து அவளிடம் என் முதல் பேச்சைப் பேசினேன்.

"ஆடியோன்னு இருக்கும், அதை அமுக்கு."

அவள் ரிமோட்டும் கையுமாக என்னைப் பார்த்தாள்.

"தெலுங்கு ஓடுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"கல்லி பூரா கேக்குல்லா."

"கல்லியில ஒருத்திக்கும் கேக்காது. அந்தத் தகரத்துல காத வச்சாத்தான் கேக்கும்."

எனக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. திரும்பிப் போயிருப்பேன். அவள்தான் விடவில்லை.

"எனக்குத் தெரியும்ளா. ஒன் ஜிப்புச் சத்தம் இங்க கேக்கும், கிர்ரு கிர்ருன்னு. பவித்ரா மாடியிலேர்ந்து விழுந்தா பாரு, அன்னைக்கு டக்குன்னு நின்னுபோச்சு. அன்னைக்கே கண்டுக்கிட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் அப்பப்போ பாதியில நிறுத்துன?"

"ஒன் குக்கர் அந்தக் கத்து கத்துனா ஒனக்கு எப்படிக் கேக்கும்? கேபிள்ல நிறுத்த முடியாது, இதுல முடியும். நீ வந்து கிர்ருன்னு இழுத்த பெறகு மறுபடி போடுவேன்."

குக்கரை இறக்கிக்கொண்டே நான் அவளைத் திட்டிய திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் மறைத்துக்கொண்டு டிவியைப் பார்த்தேன். ஒரு பெண் வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். நல்ல ஆகிருதி. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற என் மூத்த மதினியைப் போல இருந்தாள்.

"இது யாரு?"

"பவித்ரா."

நான் காதால் வளர்த்த பவித்ரா ஒல்லியானவள். காற்றடித்தால் பறப்பாள்.

"யக்கா, இவளையா ஒரு ஆள் தள்ளுனான்?"

"அதத்தான் நானும் மொதநாள்லேர்ந்து கேக்கேன்."

ஆடியோவைக் கண்டுபிடித்துத் தமிழுக்கு மாற்றினோம். உட்கார் என்றாள். நான் உட்காரவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் கதை கேட்க முடியாது, என் பவித்ரா வீட்டில் இருக்கிறாள். ஓடிவந்து தகரத்தோரம் உட்கார்ந்து, ஜிப்பை ஒரு இழு இழுத்தேன். தொடர் ஆரம்பித்தது.

"என்னைத் தள்ளினது யாருமே இல்ல. அன்னைக்கு மாடியில ஈரமா இருந்தது. கால் வழுக்கிடுச்சு."



"அட போக்கத்தவளே" என்று நான் கத்தியதும் அவள் கத்தியதும் ஒன்றாகவே வெளிவந்தன. முதலில் அவள்தான் சிரித்தாள். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தகரத்தில் தட்டித் தட்டிச் சிரித்தோம்.

மாடியில் தையல் மெஷின் நின்றது. வீட்டுக்காரர் ஏணியில் தலையை நீட்டினார்.

"என்னளா சத்தம்? யாரு சீரியல் பாக்கா?"

"நானும் முப்பிடாதி அக்காவும்" என்றேன்.