மூன்றாவது சிட்டிங்கில் அவள் திரும்பிவிட்டாள்

விட்டுவிடுவது என்று முடிவெடுத்தாகிவிட்டது, இனி இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று, அதையே யோசித்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி படுத்திருந்தான் அவன்... பல் டாக்டரின் நாற்காலி ஒரு விதத்தில் நியாயமானது, கை கால் எல்லாம் இருந்தும் எதற்கும் உதவாது, தலைக்கு மேல் விளக்கு, விளக்கின் பளபளத்த விளிம்பில் அவன் வாயே குட்டியாகத் தலைகீழாகத் தெரிந்தது, இந்தக் குகையைத் திறந்துகொண்டுதான் நாவல் எழுதுகிறேன், நாவல் எழுதுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தானா... காலையில் பல் துலக்கும்போதே மனைவியிடம் சொல்லியாயிற்று, இனிமேல் எழுதப்போவதில்லை என்று. ஏன், என்ன ஆச்சு, அப்படியெல்லாம் சொல்லாதீங்க, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று வரும் என்று வாயில் நுரையோடு காத்திருந்தான். அவள் சரி என்றாள். சரி, அண்ணன்கிட்ட போய்ப் பல்லைக் காட்டிட்டு வாங்க என்றாள். ஒரு மனிதன் தன் வாழ்நாள் ஆசையைக் குழிதோண்டிப் புதைக்கிறான், பக்கத்தில் நின்று ஒரு பிடி மண் போடக்கூட ஆளில்லை, பல்லைக் காட்டிட்டு வாங்களாம்.

எழுதியிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பான்... ஆறு அத்தியாயம் மடமடவென்று ஓடியது, ஏழாவதில் கதாநாயகி பெட்டியோடு வாசலுக்கு வந்தாள், வந்தவள் நின்றாள், இரண்டு வருடமாக நிற்கிறாள். புருஷன் நல்லவன், குடியில்லை, அடியில்லை, ஒருநாள் சும்மா பெட்டியைக் கட்டிவிட்டாள், போகவேண்டியதுதானே, போகமாட்டேன் என்கிறாள். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து அவன் செய்ததெல்லாம் பெட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றியதுதான், மறுநாள் இடதிலிருந்து வலதுக்கு. இதற்கு அலாரம் வேறு. எழுதியவரைக்கும் பிரதி எடுத்துப் போன வருடம் மச்சானிடம் கொடுத்தான், மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், இந்தப் பல் டாக்டர்தான், படிக்கிற ஆள், படித்தால் சொல்வார் என்று. அவர் சொல்லவே இல்லை. விசேஷங்களில் பார்க்கும்போது கடைவாய்ப்பல் எப்படி இருக்கு என்று மட்டும் கேட்பார். ஒரு வருட மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவனா அவன், சொல்லவே கூசுகிற அளவுக்கு மோசம், வேறென்ன...

“நல்லா தொறங்க மாப்ளை,” என்றார் மச்சான். மரப்பு ஊசி போட்டாயிற்று, கீழுதட்டில் பாதி வேறு யாருடையதோ போலத் தொங்கியது. மச்சானிடம் ஒரு பழக்கம், வெளியே இருக்கும்போது வாயே திறக்கமாட்டார், நம் வாய்க்குள் கையை விட்டதும் பேச ஆரம்பித்துவிடுவார், பதில் வராது என்ற நிம்மதியோ என்னவோ. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்ற, புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பெண்தான் முதலில் ஆரம்பித்தாள், நேற்றுக் கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்களே டாக்டர், பெட்டிக்காரி என்ன ஆனாள் என்று. ஏதோ டிவி தொடர் என்றுதான் நினைத்தான். எங்க விட்டேன் என்றார் மச்சான். வாசல்ல நிக்கிறாங்க என்றாள் அவள்.

வாசலில் நிற்கிறாளா... எந்த வாசலில்... உலகத்தில் பெட்டியோடு வாசலில் நிற்கிறவள் இவனுடையவள் ஒருத்திதானா என்ன, ஆயிரம் பேர் நிற்பார்கள், ஆனால் மச்சான் பச்சைப் பெட்டி என்றார், பூட்டு ரிப்பேர் என்றார், சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள் என்றார், அந்த முடிச்சை ஒரு வாரம் உட்கார்ந்து போட்டவன் இதோ வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறான்.

மச்சான் வேரைக் குடைந்துகொண்டே விளக்கினார், மன்னிப்புக் கேட்கிற தொனியெல்லாம் இல்லை, வைத்தியமுறையை விளக்குகிற தொனிதான். ரூட் கெனால் என்றால் மூன்று சிட்டிங், நான்கு சிட்டிங் ஆகும், முதல் சிட்டிங்கில் வலி போய்விடும், வலி போனவன் திரும்ப வரமாட்டான், பல் உள்ளேயே அழுகும். அதனால்தான் கதை. முதல் தடவை கொஞ்சம், அடுத்த தடவை கொஞ்சம், கதைக்காக வருகிறவன் பல்லையும் கூடவே கொண்டுவந்துதானே ஆகவேண்டும்.

“உங்க கதையால எத்தனை பல்லு பொழச்சிருக்கு தெரியுமா மாப்ளை,” என்றார். “நீங்க பாட்டுக்கு அவளை நிக்கவெச்சிட்டுப் போயிட்டீங்க. மூணாவது சிட்டிங்குக்கு நான் என்ன பண்றது? நானே முடிச்சிட்டேன்.”

முடித்துவிட்டாராம். புருஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிறானாம், பெட்டிக்காரி பெட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறாளாம், அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இனி எங்கேயும் போகமாட்டேன் என்கிறாளாம். ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் இதே நாற்காலியில் படுத்துக் கண்ணீர்விட்டாராம்... நெஞ்சுவலியா, அந்த ஆளுக்கா, ஆறு அத்தியாயத்தில் ஒரு தும்மல்கூடத் தும்மாத ஆளுக்கா, திரும்பமாட்டாள், அவள் திரும்புகிற ஜாதியே இல்லை, என்று அவன் எழப் பார்த்தான், சொன்னான், தொண்டையிலிருந்து வந்தது என்னவோ கன்றுக்குட்டி கத்தல், அதிலும் பாதியைக் குழாய் உறிஞ்சிக்கொண்டது. மச்சான் கையை நிறுத்தினார். வலிக்குது போல, இன்னொரு ஊசி போட்டுடலாம் என்றார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான், ஆடாதீங்க என்று அந்தப் பெண் நெற்றியில் கை வைத்து அழுத்தினாள், போட்டார்கள். இலக்கிய விமரிசனத்துக்கு மரப்பு ஊசி... மிச்சமிருந்த உதடும் போனது.

இப்போது யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காலையில் விட்டவன்தானே, யார் எப்படி முடித்தால் இவனுக்கு என்ன, விவாகரத்து ஆனவளுக்கு இரண்டாம் கல்யாணம், போய் அட்சதை போடவேண்டியதுதானே, ஏன் வயிறு இப்படி எரிகிறது, இது பிரியமா, வெறும் பொறாமையா... திரும்பமாட்டாள் என்று அடித்துச் சொல்கிறானே, பிறகு ஏன் நிற்கிறாள், கேட்டால் பதில் உண்டா, போகவும் இல்லை, திரும்பவும் இல்லை, எதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்... கேட்டுக்கொண்டு. ஆமாம், தலையை ஒருபக்கம் சாய்த்துத்தான் நிற்கிறாள், நான்காவது தடவை எழுதியபோதே சாய்த்துவிட்டான், எதற்கென்று தெரியாமல். உள்ளே ஏதோ ஓடுகிறது. டிரில் இல்லை, டிரில் இங்கே. அங்கே ஓடுவது வாஷிங் மெஷின். கிளம்புவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் துணியைப் போட்டுவிட்டாள், புருஷனுடைய சட்டைகள், அது முடிய நேரமிருக்கிறது, பாதியில் விட்டுப்போனால் ஈரத்தில் கிடந்து நாறும், நாறினால் அந்த மனுஷன் அதையே போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான், நல்லவனாயிற்றே... அடிப் பாவி, இதற்குத்தானா, ஒரு மூட்டை துணிக்காகவா இரண்டு வருடம் என்னைக் கட்டிப்போட்டாய்!

பஞ்சை எடுத்தார்கள். வாய் கொப்பளித்தால் எந்தப் பக்கம் தண்ணீர் போகிறது என்றே தெரியவில்லை, சட்டையில்தான் போனது. மச்சான் கையுறையைக் கழற்றிக்கொண்டே, மரப்பு இறங்கும்வரை எதையும் சாப்பிடாதீங்க, சொந்தக் கன்னத்தையே கடிச்சிடுவீங்க, தெரியவும் தெரியாது என்றார். கதை நன்றாக இருந்ததா இல்லையா என்று மட்டும் இப்போதும் சொல்லவில்லை, கேட்கலாம் என்றால் உதடு இல்லை. அந்தப் பெண்தான் அட்டையில் தேதி எழுதியபடி, டாக்டருக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“சார், டாக்டர் சொல்ற மாதிரி இருக்காதுல்ல? அந்தக்கா அப்படிப்பட்டவங்களா தெரியல. வியாழக்கிழமை வரும்போது நீங்க சொல்றீங்களா?”

தலையாட்டிவிட்டான். யோசிப்பதற்குள் ஆட்டிவிட்டது தலை. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, வியாழக்கிழமை என்றால் நடுவில் எத்தனை விடியல், அலாரத்தை வேறு காலையில் அழித்தாயிற்று, காய்கறிக் கூடையோடு எதிரே வந்தவர் ஒதுங்கிப் போனார், கடைவாயில் எச்சில் வழிகிறது போலும், துடைத்துக்கொண்டான், துடைத்தது தெரியவில்லை... நடந்தான். மெஷின் நிற்கும், சரி. நின்ற பிறகு? ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டுப் போகிறவளாக இருந்தால் இத்தனை நேரம் எதற்கு நின்றாள், எடுத்து உதறிக் காயப்போட்டுவிட்டுத்தான் போவாள், அவள் குணம் அது, காயப்போடவேண்டும் என்றால் மெஷின் இருப்பது சமையலறைக்குப் பின்னால், கொடி அதற்கும் பின்னால், அப்படியானால் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, ஒரே ஒரு நிமிஷம்தான், அவள் உள்ளே போகத்தானே வேண்டும்...