வாசற்படித் தும்மல்

பூனைக்குக் கூடை வாங்கியாகிவிட்டது. மூடி போட்ட மூங்கில் கூடை. அதில் பூனையை வைத்து ரயிலேற்றிச் சந்தன்நகரில் ஒரு அரிசிக் கிடங்கில் விட்டுவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கி ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை தள்ளிக்கொண்டே போனதற்குக் காரணம் புலகேஷ் சமாத்தாரின் மூக்கு.

கல்கத்தாவில் ஹாத்திபகான் சந்துக்குள் அந்த வீடு. புலகேஷ், அவன் மனைவி மந்திரா, அவனுடைய விதவை அக்கா கனகலதா, ஆக மூன்றே பேர். கனகலதா என்று பெயர் இருந்ததே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது, அக்கா என்கிற அர்த்தத்தில் எல்லோருக்கும் தீதிதான். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அதனால் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். புலகேஷுக்கு வழுக்கை விழுந்து வயிறும் போட்டுவிட்டது, ஆனாலும் தீதி "இன்னிக்கு வெண்டைக்காய்" என்றால் அவனுக்கு வெண்டைக்காய்தான் பிடிக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே ஒரு தடவையாவது இந்த மனுஷன் நம் பக்கம் பேசுவானா என்று மந்திராவும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். எங்கே.

நாலாவது ஆள் லாட்சாகேப். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கடுவன் பூனை. குழந்தை இல்லாத மந்திரா வாய்விட்டுப் பேசுவது அதனிடம் மட்டும்தான்.

புலகேஷ் தினம் காலையில் கண் விழித்ததும் தும்முவான். ஒன்றிரண்டோடு நின்றால் அது தும்மல். இவனுடையது ஊர்வலம். கண் சிவந்து, மூக்கு ஒழுகி, தொண்டை அரித்து, ஆபீஸுக்குக் கிளம்புகிற வரைக்கும் நடக்கும். ஆபீஸ் போனால் ஒன்றும் இருக்காது. மறுநாள் காலை பழைய குருடி கதவைத் திறடி.

"குளிர் ஏறிடுச்சு" என்று தீதி முதலில் தீர்ப்புச் சொன்னாள். புழுக்கத்தில் சுவரே வியர்க்கிற மழைக்காலம் அது. அதில் தம்பிக்குக் குரங்குக் குல்லாய் மாட்டினாள், மூக்கில் கடுகெண்ணெய் விட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், பரண்மேலிருந்து ரஜாய் என்கிற பழைய பஞ்சுப் போர்வையை இறக்கிப் போர்த்தினாள். அதற்குமேல், அவன் கல்யாணத்துக்குத் தன் கையால் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்துக் கொடுத்த நீளத் திண்டு ஒன்று இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு காலைப் போட்டுக்கொண்டால்தான் புலகேஷுக்குத் தூக்கமே வரும். உறையில் தீதி நூலால் "சுகமாய் இரு" என்று எழுதியிருந்தாள். கட்டிலில் மந்திராவுக்கும் புலகேஷுக்கும் நடுவில் இத்தனை வருஷமாக அந்தத் திண்டுதான் படுத்திருந்தது.

கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதையாகப் போயிற்று. போர்த்தப் போர்த்தத் தும்மல் கூடியது. குளிர் இல்லையென்றால் வேறு என்ன என்று தீதி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஜன்னல் திட்டில் லாட்சாகேப் உட்கார்ந்து தன் வாலை நக்கிக்கொண்டிருந்தது.

"இதோட மயிர்தான். மூக்குல போய் உக்காந்துக்குது. இது போனாத்தான் என் தம்பி பொழைப்பான்."

"தீதி, அது கட்டில்கிட்டயே வராது. அவர் காலால உதைப்பார்னு அதுக்குத் தெரியும்" என்றாள் மந்திரா.

"மயிருக்குக் கால் வேணுமா? காத்துலயே வரும்."

மந்திரா புருஷனைப் பார்த்தாள். புருஷன் உத்தரத்தைப் பார்த்தான்.

ஆனால் பூனையை நினைத்த நேரத்தில் தூக்கி எறிய முடியாது, அது பிள்ளை வரம் தருகிற ஷஷ்டி அம்மன் ஏறி வருகிற வாகனம். நல்ல நாள் பார்த்து, காலை வேளையில், சகுனத் தடையில்லாமல் மரியாதையாக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள். இதுவும் தீதியின் சட்டம்தான். வாசற்படி தாண்டும்போது தும்மல் விழுந்தால் திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். மறுபடியும் விழுந்தால் அன்றைக்குப் பயணம் ரத்து. ஆபீஸுக்கு மட்டும் விலக்கு. சம்பளம் தருகிற இடத்துக்குத் தோஷம் கிடையாது என்று தீதியே சொல்லிவிட்டாள்.

அப்புறம் என்ன. ஞாயிறு காலை புலகேஷ் கூடையைத் தூக்குவான். "துர்கா, துர்கா" என்று வழியனுப்புவாள் தீதி. படியில் கால் வைப்பான். ஹச். உட்காருவான், தண்ணீர் குடிப்பான், எழுந்திருப்பான். ஹச், ஹச், ஹச். கூடைக்குள்ளிருந்து லாட்சாகேப் "இன்னும் எத்தனை நேரம்" என்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். தீதி தலையில் அடித்துக்கொண்டு மூடியைத் திறந்துவிடுவாள். மந்திரா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள். அவன் மூக்குக்குச் சூடம் கொளுத்தலாம் போல அவளுக்கு இருக்கும்.

துர்கா பூஜை விடுமுறையில் புருஷனும் பெண்டாட்டியும் கடலோரத்துப் பூரி நகரத்துக்குப் போனார்கள். முட்டி வலி என்று தீதி வரவில்லை. வராவிட்டால் என்ன, படுக்கைச் சுருட்டுக்குள் திண்டை வைத்துக் கட்டி அனுப்பினாள். ஓட்டல்காரன் ரிக்‌ஷாவிலிருந்து அதை இறக்கிக்கொண்டே, "பாபு, கூட வந்தவங்க நடக்க மாட்டாங்களா?" என்று கேட்டான்.

முதல் காலையே ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. மந்திரா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள்.

"இங்க ஏதுங்க பூனை?"

"மயிர் ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்றான் மூக்கைத் துடைத்துக்கொண்டே.

"கடல்கரையில மணிக்கணக்கா நின்னீங்க, ஒரு தும்மல் இல்ல. என் புடவையிலதான் பூனை மயிர் நிறைய இருக்கு. என் பக்கத்துலயேதான் நின்னீங்க."

புலகேஷ் திண்டை அணைத்துக்கொண்டு இன்னொரு முறை தும்மினான். மந்திரா அந்தத் திண்டை முதல் தடவையாக உற்றுப் பார்த்தாள். மேல் உறை மட்டும்தான் வெள்ளாவிக்குப் போகும். உள்ளே இருக்கிற பஞ்சுக்கு அவள் கல்யாணத்தின் வயசு.

ஊருக்குத் திரும்பியதும் அவனை இழுத்துக்கொண்டு அலர்ஜி டாக்டரிடம் போனாள். தீதியிடம் பல் வலி என்று சொல்லியாயிற்று. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. புலகேஷின் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து ஊசிமுனையால் லேசாகக் கீறினாள். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னாள். ஒரே ஒரு இடம் மட்டும் ரசகுல்லா மாதிரி உப்பிக்கொண்டு வந்தது.

"இது பூனையா?" என்று புலகேஷ் ஆவலாகக் கேட்டான்.

"பூனை இதோ, இங்க. ஒண்ணுமே இல்ல, பாருங்க. உப்பியிருக்கிறது வீட்டுத்தூசிப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாது. மெத்தை, தலையணை, ரஜாய் இதுலதான் குடித்தனம். நம்ம ஒடம்புலேர்ந்து உதிர்ற தோல்தான் அதுக்குச் சாப்பாடு. ஈரக்காத்துன்னா கொண்டாட்டம். நம்ம ஊர் அதுக்குச் சொர்க்கம்."

"கடிக்குமா?"

"கடிக்காது. அதோட எச்சம்தான் மூக்குக்கு ஆகாது."

புலகேஷ் உப்பிய இடத்தைத் தொட்டுப் பார்த்தான். "அப்ப நான் இத்தனை வருஷமா அதுங்களோட கக்கூஸ்ல படுத்திருக்கேனா?"

"அப்படியும் சொல்லலாம்" என்று டாக்டரம்மா மருந்துச்சீட்டை எழுதினாள். "பழைய பஞ்சு எதையாவது கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறீங்களா?"

மந்திரா புருஷனைப் பார்த்தாள். புலகேஷின் காதுமடல் சிவந்துவிட்டது.

டாக்டரம்மா சொன்னதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாய் நெய்த ஜிப் உறை போட வேண்டும். விரிப்பையெல்லாம் வாரம் ஒரு தடவை கை பொறுக்காத கொதிசூட்டில் துவைக்க வேண்டும். துடைப்பத்தால் தூசியைக் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், துடைக்கும்போது அவன் அறையில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மூக்குக்குத் தினம் ஒரு மருந்து. "பழைய பஞ்சை வெயில்ல போட்டா மட்டும் போதாதா?" என்று மந்திரா கேட்டதற்கு, "பூச்சி செத்தாலும் எச்சம் உள்ளயேதானே இருக்கும். தூக்கிப் போடுங்க" என்றாள்.

டிராமில் திரும்பும்போது புலகேஷ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தீதிகிட்ட சொல்லாதே" என்றான்.

"எதை?"

"திண்டு விஷயத்தை. அவ கையால தைச்சது. மனசு ஒடிஞ்சுடும்."

"என் மனசு?" என்று கேட்க மந்திராவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஒரு வாயில்லா ஜீவன் கூடைக்குள் போய்ப் போய் வருகிறது, இவருக்கு அக்காவின் பஞ்சு பெரிதாகப் போய்விட்டது. அழுகையாகவும் வந்தது, ஆத்திரமாகவும் வந்தது. சொல்ல மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

தீதி கங்கைக்குக் குளிக்கப் போன ஒரு காலையில் காரியம் நடந்தது. மந்திரா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு திண்டின் வயிற்றைப் பிரித்தாள். பஞ்சா அது, கட்டி தட்டிய பழுப்பு மண். கோணியில் திணித்துக் குப்பை வண்டியில் போட்டாள். துவைக்கிற மாதிரி புது அடைப்பு வைத்து, ஜிப் உறை மாட்டி, மேலே பழைய "சுகமாய் இரு"வைப் போர்த்தித் தைத்தாள். ரஜாய் பரணுக்குப் போயிற்று. ஜன்னல் திறந்தது. தீதி திண்டை ஒருமுறை தட்டிப் பார்த்து, "வெயில்ல போட்டியா? நல்லா உப்பியிருக்கே" என்றாள். "ஆமாம் தீதி" என்றாள் மந்திரா, கூசாமல்.

தும்மல் மெல்ல மெல்ல ஓய்ந்தது. காலை ஊர்வலம் நாலைந்து தும்மலாயிற்று, பிறகு ஒன்றாயிற்று, ஒரு நாள் அதுவும் இல்லை. புலகேஷ் கண் விழித்து, மூக்கைத் தொட்டுப் பார்த்து, காணாமல் போனதைத் தேடுகிறவன் போல விழித்தான்.

"நான் குடுத்த ஆடாதொடைக் கஷாயம்" என்றாள் தீதி சந்தோஷமாக. "ஆனா வேர் இன்னும் வீட்டுக்குள்ளயே வாலை நக்கிக்கிட்டு இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை நாள் நல்லா இருக்கு. இப்பத் தடையும் இல்ல. கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு."

மந்திராவின் கையிலிருந்த கரண்டி நின்றது. அந்த மூக்குதான் இத்தனை நாளும் பூனைக்குக் காவல். அதைத் தானே துவைத்து, துடைத்து, உறை போட்டுச் சரிபண்ணிக் காவலை எடுத்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தீதிகிட்ட உண்மையைச் சொல்லுங்க" என்றாள் அறைக்குள் வந்து.

"எப்படிம்மா சொல்றது" என்றான் புலகேஷ். அதோடு சரி.

ஞாயிறு வந்தது. லாட்சாகேப்புக்கு மீன் தலையோடு சோறு வைத்தாள் மந்திரா. அது சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே தூக்கிக் கூடையில் விட்டாள். இன்னொருவர் கை பட்டால் அது பயப்படும். மூடியையும் தானே கட்டினாள்.

புலகேஷ் கூடையைத் தூக்கினான். "துர்கா, துர்கா" என்றாள் தீதி. படியில் ஒரு கால் வைத்தான். நின்றான். சந்தில் காற்று சுத்தமாக வீசியது, மூக்கும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. திரும்பி மந்திராவைப் பார்த்தான். அவள் இவனைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹச்" என்றான் புலகேஷ்.

அந்தத் தும்மலுக்கும் மூக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தெருக்கூத்தில் போட்டால் கல்லெறிந்திருப்பார்கள்.

தீதி புருவத்தைச் சுருக்கினாள். "உக்காரு. தண்ணி குடி."

உட்கார்ந்தான். குடித்தான். எழுந்து போய் மறுபடி படியில் கால் வைத்தான். "ஹச்." இந்தத் தடவை முதல் தடவையைவிட மோசம்.

தீதி எழுந்து வந்து தம்பியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். கண் சிவக்கவில்லை. மூக்கு ஒழுகவில்லை. நெற்றி மட்டும் வியர்த்திருந்தது.

"கணக்குப் பரீட்சை அன்னிக்கு இப்படித்தான் தும்முவே. எனக்குத் தெரியாதா?" திரும்பி மந்திராவைப் பார்த்தாள். "அவளுக்காகவா?"

புலகேஷ் தரையைப் பார்த்தான், கூடையைப் பார்த்தான். உத்தரத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஆமாம் தீதி. அவளுக்காகத்தான். பூனை இங்கயே இருக்கட்டும்."

தீதி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "அதை வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன? இதுக்குப் போய் ஷஷ்டி அம்மனை ஏமாத்துவாங்களா, தடியா" என்று சொல்லிவிட்டு, முட்டி வலிக்கக் குனிந்து தானே கூடையின் கட்டை அவிழ்த்தாள். லாட்சாகேப் வெளியே வந்து உடம்பை நீட்டி முறித்தது.

மந்திரா அடுப்படிக்குப் போய்விட்டாள். சுவரில் சாய்ந்துகொண்டு முந்தானையை வாயில் வைத்து அழுதாள். பூனை தங்கியதற்காகப் பாதி. மீதிப் பாதி அந்த "அவளுக்காகத்தான்" என்கிற சொல்லுக்காக. அதைக் கேட்காமலே செத்துப்போய்விடுவோம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

புலகேஷ் பின்னாலேயே வந்தான். வாய் திறந்த வேகத்தில் இன்னும் மார்பு நிமிர்ந்தே இருந்தது.

"அப்படியே அந்தத் திண்டு விஷயத்தையும் சொல்லிடவா?" என்று கிசுகிசுத்தான்.

"ஐயோ, வேண்டாம்" என்றாள் மந்திரா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்."