ஷிப்டுக்கு அறுபது பக்கம்

கோபாலசாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவரே ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொள்ளும்போதும் நீளமாகத்தான் பேசுவார். ஏப்ரல் கடைசியில் மகள் லாஸ்யாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். ஆறாம் வகுப்பு டீச்சர் பொதுவாகத்தான் சொன்னார்: "லீவுல பிள்ளைங்கள தெனமும் கொஞ்சமாச்சும் கதைப் புத்தகம் படிக்க வெய்யுங்க. இல்லீன்னா ஜூன்ல பாதிய மறந்துபோட்டு வந்து நிக்கறாங்க." மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் எழுந்து நின்றார். "எம் பொண்ணு லீவு முடியறதுக்குள்ள அம்பது புத்தகம் முடிச்சிருவாளுங்க" என்றார். யார் கேட்டார்கள் இவரை? ஒருவரும் கேட்கவில்லை.

கருமத்தம்பட்டியில் அவருக்கு இருபத்து நான்கு விசைத்தறிகள். படிப்பு பத்தாவதோடு சரி. அதற்குப் பிறகு அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தது என்றால் கல்யாணப் பத்திரிகைகள்தான். ஆனால் நின்றுபோன தறி என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு மாதம் ஓடாமல் கிடந்தால் துருவேறி, எண்ணெய் கெட்டிப்பட்டு, மறுபடி ஓட்டுவதற்குள் உயிர் போய்விடும். பிள்ளையின் படிப்பும் அப்படித்தானே என்று முடிவு கட்டினார்.

மறுநாளே காந்திபுரம் போய், புத்தகக் கடையில் "பதினோரு வயசுப் பிள்ளைக்கு அம்பது உருப்படி கட்டுங்க" என்றார். என்ன மாதிரிக் கதைகள் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். "ஒரே சைஸா இருந்தாத் தேவலைங்க" என்றார் கோபாலசாமி. கடைக்காரர் ஒரே உயரமாகப் பார்த்து அடுக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவில் உள்ள சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று மாட்டப்பட்டது. காலை ஷிப்டு அறுபது பக்கம். சாயங்கால ஷிப்டு அறுபது பக்கம். ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்டு.

"ஏனுங்க, அவதான் சொல்லாமயே படிக்கறாளே" என்றாள் மனைவி ராமாமணி. "கட்டிலுக்கு அடியில பூந்துட்டான்னா சோத்துக்குக் கூப்புட்டாக்கூட வாரதில்ல. பலகை எதுக்குங்க?"

"அளவில்லாம ஓடறதெல்லாம் ஒரு ஓட்டமா அம்மணி?" என்றார் அவர். பெரிய தத்துவம் சொல்லிவிட்ட மாதிரி வேட்டியை வேறு உதறிக் கட்டிக்கொண்டார்.

ராமாமணி சொன்னது உண்மைதான். லாஸ்யா படிப்பாள்; படித்ததோடு நிற்கவும் மாட்டாள். டீ நேரத்தில் குடோனுக்கு ஓடிவந்து, பதினைந்து வருடமாக அங்கே தறி ஓட்டும் ராசாத்தாளிடம் கதை முழுவதையும் ஒப்பிப்பாள். ராசாத்தாள் "அய்யோ சாமி, அப்பறம்?" என்று டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருப்பாள். டீ நேரம் நீள்கிறதே என்று கோபாலசாமி கடிகாரத்தைப் பார்ப்பார். கதை ஒன்றும் அவர் காதில் ஏறியதில்லை.

பலகை வந்த முதல் வாரம் உற்பத்தி பிரமாதம். இரண்டாம் வாரம் ஷிப்டுக்கு எண்பது. மூன்றாம் வாரம் நூற்றுப்பத்து! வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பலகையைப் படம் பிடித்துப் போட்டார். யாரோ ஒரு அம்மா 'சூப்பர் சார்' என்று பதில் போட, அன்றைக்கு முழுக்க மீசையைத் தடவியபடியே திரிந்தார். அந்த நாட்களை இப்போது நினைத்தால் தன்னைத் தானே நாலு சாத்துச் சாத்தலாம்போல இருக்கிறது என்பார்.

ராசாத்தாள்தான் முதலில் கேட்டாள்.

"பாப்பா இப்பெல்லாங் கதையே சொல்றதில்லீங்களே, மொதலாளி. முப்பது புத்தகம் முடிச்சிருச்சுங்கறீங்க. அதுல ஒரு கதைகூடவா இல்லாமப் போச்சு?"

சிரித்து மழுப்பினாலும் மனசுக்குள் குத்தியது. வீட்டுக்குப் போய், முடித்த புத்தகங்களின் அடுக்கிலிருந்து ஒன்றை உருவினார். அட்டையில் ஒரு கழுதை.

"இதென்ன கதை கண்ணு?"

"ஒரு உப்பு யாவாரிங் நைனா" என்றாள் லாஸ்யா. அவர்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். "அவரு கழுதைய ஆத்து வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருது."

"அப்பறம்?"

"அப்பறம்... முடிஞ்சிருச்சுங்."

நூற்று நாற்பது பக்கக் கதை ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

"நடுவுல எல்லாம் படிக்கலியா?"

"ஒவ்வொரு பக்கத்துலயும் மொத வரியும் கடைசி வரியும் படிச்சேனுங். நீங்க பக்கந்தானே கேட்டீங்க?"

கோபாலசாமியால் கோபப்பட முடியவில்லை. தறிக்காரர்கள் இதற்கு பிக் குறைப்பது என்பார்கள். ஒரு அங்குலத்துக்கு ஐம்பத்திரண்டு ஊடை இழை போக வேண்டிய இடத்தில் நாற்பத்தாறு போட்டால் துணி மளமளவென்று மீட்டர் ஏறும். மடித்து வைத்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. ஒரு தீபாவளி அவசரத்தில் அவரே இந்தத் திருட்டைச் செய்ய, துணி அத்தனையும் வீட்டுக்கே திரும்பி வந்தது. இரண்டு வருடம் அந்த வீட்டில் திரைச்சீலை, தலையணை உறை, அவர் கட்டிய லுங்கி எல்லாமே அந்தத் துணிதான். அவர் பிள்ளைக்குப் புத்தி வேறு எங்கிருந்து வரும்?

"சரி கண்ணு, போனது போகுது. இனி பக்கம் கொறஞ்சாலும் பரவால்ல, முழுசாப் படி."

"வேண்டாங் நைனா" என்றாள் லாஸ்யா. "எனக்கு இப்பப் புத்தகமே புடிக்கறதில்லீங்."

இன்னொரு தோசை வேண்டாம் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இருந்த ஆசையையும் கெடுத்துத் தொலைத்துவிட்டோமே என்று கோபாலசாமிக்குப் பயம் வந்துவிட்டது. அன்றே பலகையைக் கழற்றினார். குரூப்பில் மூன்று நாளாகப் படம் வரவில்லையே என்று ஒருவர் விசாரிக்க, 'மெஷின் ரிப்பேருங்க' என்று போட்டுவிட்டு ஒளிந்துகொண்டார்.

பலகை போனாலும் படிப்பு திரும்பி வரவில்லை. லாஸ்யா நாள் முழுக்க செல்போனில் கார்ட்டூன் பார்த்தாள். புத்தகத்தைச் சோபாவில் போட்டுப் பார்த்தார், பக்கத்தில் முறுக்குத் தட்டு வைத்துப் பார்த்தார். முறுக்கு மட்டும் காலியானது.

"தானா நல்லா ஓடிட்டிருந்ததக் கழட்டிப் போட்டுட்டு இப்ப ஓடலையேன்னா எப்புடிங்க?" என்றாள் ராமாமணி.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தினார்கள். குடோன் அமைதியாகக் கிடந்தது. கதையைத் தானே படித்து மகளுக்குச் சொன்னால் என்ன என்று ஒரு யோசனை வந்து, கழுதைப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். நான்கு பக்கத்துக்கு ஐந்து கொட்டாவி. விரலை வரிக்கு அடியில் வைத்து நகர்த்தினால்தான் ஓடியது. ஆனால் மத்தியானம் அறுபதாம் பக்கத்துக்கு வந்தபோது கொட்டாவி நின்றிருந்தது. வெள்ளம் வந்துவிட்டது. கழுதையைக் காணோம். அவர் புத்தகத்தோடு வீட்டுக்கு ஓடினார்.

"கண்ணு, கழுதை பொழச்சுதா?"

"தெரியலீங். நாந்தான் தாண்டிட்டேனே."

"அவன் கரையில நின்னுட்டுப் பேரச் சொல்லிக் கூப்புட்டுட்டே இருக்கறாம்மா. பாவம், அவனுக்கு அத உட்டா வேற யாருமில்ல." நாற்பத்தெட்டு வயசு, இருபத்து நான்கு தறிக்கு முதலாளி, ஒரு கழுதைக்காக மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறார்.

லாஸ்யா அவரை விநோதமாகப் பார்த்தாள். செல்போனைக் கீழே வைத்தாள். "எங்க, கொண்டாங்க" என்று புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். பிறகு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள்.

"இரு கண்ணு, நான் இன்னும் முடிக்கல!" என்று கோபாலசாமி குனிந்து கூப்பிட்டார். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் கண் சிவக்க வெளியே வந்து புத்தகத்தை நீட்டினாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "நீங்களே படிங்க" என்று சொல்லிவிட்டு, கரண்டு வந்து ஓடத் தொடங்கியிருந்த குடோனுக்குப் பறந்தாள்.

மறுநாள் காலையில் குடோன் முழுவதற்கும் கழுதையின் கதி தெரிந்திருந்தது. ராசாத்தாளுக்குத் தெரியும். மெக்கானிக் மாசாணத்துக்குத் தெரியும். நூல் இறக்க வந்த வண்டிக்காரருக்குக்கூடத் தெரியும். கோபாலசாமி பக்கத்தில் வந்தால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"ஏம்மா ராசாத்தா, பொழச்சுதா இல்லியா? அத மட்டும் சொல்லிப்போடு."

"பாப்பா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்குதுங்க, மொதலாளி" என்று ராசாத்தாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தறிக்குத் திரும்பினாள்.

வேறு வழியில்லை. ஆபீஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். ஒரு பத்திக்கு மேல் பொறுக்க முடியவில்லை. கழுதைக்கு ஏதாவது ஆகியிருந்தால்? யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கட்டைவிரலைக் கடைசிப் பக்கத்துக்குக் கொடுத்து மெல்லப் புரட்டப் போனார்.

"நைனா."

ஜன்னலுக்கு வெளியே லாஸ்யா. கக்கத்தில் வேறொரு புத்தகம் இருந்தது.

"எந்தப் பக்கத்துல இருக்கறீங்?"

"அறுபத்தொண்ணு" என்றார் கோபாலசாமி.

"அப்ப அங்கிருந்தே படிங்க."

அவர் கட்டைவிரலை எடுத்துவிட்டு, விரலை வரிக்கு அடியில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே படியில் உட்கார்ந்து அவளும் தன் புத்தகத்தைப் பிரித்தாள்.