அலசு தண்ணீர்

தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் இவ்வளவும் செய்கிறார்களாம். மதுரையிலிருந்து எங்கள் மில்லைத் தணிக்கை செய்ய வந்த கிரீஷ் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஹாலந்து நாட்டில் கண்ணாடி வீட்டுக்குள் தக்காளி வளர்க்கிறார்கள். மண்ணே கிடையாது. எங்கள் தேங்காய் நார்த்தூளில்தான் செடி வேர் விடுகிறது.

"ஒரு சொட்டுத் தண்ணி வீணாகாது மேடம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

கொட்டாம்பட்டிப் பக்கம் இந்த நார் மில்லில் ஆறு வருடமாக உப்பு மீட்டர் பார்ப்பவள் நான். நார்த்தூளில் உப்பு இருக்கும். உப்பு அந்தத் தக்காளிக்கு ஆகாது. அதனால் தூளைத் தொட்டியில் கொட்டி மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசுவோம். மீட்டரில் அரைப் புள்ளிக்குக் கீழே வந்தால்தான் கப்பலேறும். அங்கே மிச்சமாகும் தண்ணீரெல்லாம் இங்கே எங்கள் பூமியிலிருந்து போனது. அலசிய உப்புத் தண்ணீர் மட்டும் எங்களுக்கு. மில்லுக்குப் பின்னால் ஓடையில் விட்டுவிடுவார்கள்.

சித்திரையில் மில்லின் போர்க்குழாய் வற்றியது. உடனே எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள்.

அந்தக் கிணறு என் வீட்டுக்காரர் ராஜபாண்டிக்கும் அவர் தம்பி பேச்சிமுத்துவுக்கும் பொது. சனி, ஞாயிறு, திங்கள் எங்கள் முறை. செவ்வாய், புதன், வியாழன் அவன் முறை. வெள்ளிக்கிழமை யாரும் மோட்டார் போடக் கூடாது, கிணறு ஊற வேண்டும். ஒருவர் முறையில் இன்னொருவர் வாய் திறப்பது இல்லை. பேச்சிமுத்து தன் மூன்று நாளையும் மில்லுக்கு விற்றுவிட்டு நிலத்தைத் தரிசாகப் போட்டான். ராஜபாண்டி, "அவென் முறை, அவென் பாடு" என்று சொல்லிவிட்டார். நானும் பேசாமல் இருந்தேன். சம்பளம் அந்த மில்லில்தானே! நாட்களைப் பங்கு போட்டோமே தவிர, தண்ணீரைப் பங்கு போடவில்லை என்பது அந்த நேரத்தில் எங்கள் மண்டையில் ஏறவில்லை. ராவும் பகலுமாக உறிஞ்சிவிட்டுப் போனால் எங்கள் முறைக்குச் சேறுதான் மிச்சம். ஒரு ஏக்கர் நெல், கதிர் பால் பிடிக்கிற நேரம். இன்னும் ஒரே ஒரு தண்ணீர் பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளும்.

அன்று வியாழக்கிழமை. மூன்று தடவை அலசிய தூளை மீட்டரில் பார்த்தேன். 2.3. நாலாவது தடவை அலசியும் அதேதான். மேனேஜர் அனந்தராமன், "மீட்டர் கோளாறும்மா, நல்லாப் பாரு" என்று கத்தினார். நான் குழாய்த் தண்ணீரையே ஒரு டம்ளரில் பிடித்து மீட்டரை முக்கினேன். 2.1.

எங்கள் கிணற்றுத் தண்ணீர். ஓடையில் விட்டது ஊறி ஊறி அங்கேதான் இறங்கியிருக்கிறது.

கிரீஷ் எட்டிப் பார்த்தார். "ஐயோ சார், இதுல அலசுன தூள் செடிக்கு ஆகாது. கண்டெய்னரையே திருப்பி அனுப்பிருவாங்க."

"நாளைக்கே மேலூர்லருந்து லாரித் தண்ணி சொல்லிடறேன்" என்றார் அனந்தராமன். தூளுக்கு லாரியில் நல்ல தண்ணீர் வரப்போகிறது!

"சார், இந்தத் தண்ணியத்தான் என் மக குடிக்கிறா" என்றேன்.

கிரீஷ் குனிந்துகொண்டார். "அது இந்த ஃபார்ம்ல வராது மேடம்."

ஃபார்மில் என்ன வருகிறது என்று பார்த்தேன். 'அருகிலுள்ள நீர்நிலைகளுக்குப் பாதிப்பு உண்டா?' இல்லை என்று ஏற்கெனவே டிக் அடித்திருந்தது. அதன் கீழே உள்ளூர்த் தொழிலாளி என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். பேனாவை மேஜையில் எறிந்துவிட்டு மீட்டரோடு வெளியே வந்தேன்.

கிணற்று மேட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். வேப்பமரத்தடியில் கிடந்த பேச்சிமுத்து எழுந்து ஓடிவந்தான்.

"மதினி! இன்னைக்கு ஏம் முறை!"

"முறைதாண்டா ஒனக்கு. கெணறு ஒனக்கு மட்டுமா?"

வயலிலிருந்து ராஜபாண்டி வந்தார். "அவென் முறைல கை வைக்காத புள்ள. குடுத்துரு." அப்போதும் இந்த மனுசனுக்கு முறைதான் பெரிசு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

பேச்சிமுத்து அனந்தராமனுக்கு போன் போட்டான். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான். "சார், மதினி பியூச பிடுங்கிட்டாக. செத்த நேரத்துல தண்ணி விட்டுறேன்."

"வேண்டாம்ப்பா. இனிமே உங்க கிணத்துத் தண்ணியே வேண்டாம். உப்பாயிடுச்சு."

அனந்தராமன் போனை வைத்துவிட்டார். ராஜபாண்டி என் கையில் இருந்த மீட்டரைப் பார்த்தார்.

"மீனா, நெல்லுக்காவது ஆகுமா?"

"எங்கிட்டக் கேக்கிறியளா? அவங்க ஊரு தக்காளிக்கே ஆகலையாம்."

அவர் வயலுக்குப் போய் மடையைத் திறந்துவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லிக் கை காட்டினார். அது பேச்சிமுத்துவின் முறை; ஆனாலும் மில்லுக்குப் போகிற குழாயைக் கழற்றி அவனே வாய்க்காலில் போட்டான். நான் பியூஸ் கட்டையைத் திருப்பி மாட்டினேன். கதிர் பால் பிடிக்கிற நேரம், வேறு தண்ணீர் எங்களிடம் இல்லை. அந்த உப்புத் தண்ணீரை எங்கள் கையாலேயே எங்கள் நெல்லுக்குப் பாய்ச்சினோம்.