பெரணியிலை கிடந்த ஆழம்

நயம் தேரும் அன்பரே, இதனை உரைப்பவனது வாயில் எஞ்சிய இரண்டு பற்களின்மேல் ஆணை: இதில் ஒரு சொல்லும் பொய்யன்று. கதிரவன் மலைமுகட்டினின்று ஒரு முழம் எழுந்த வேளை. சாம்பற்புழுதி கூரைகளின்மேல் பழம்பகைபோல் அசையாது படிந்திருக்க, குழியினின்று வாரிக் கொட்டிய கற்குவியல் ஊரினும் உயர்ந்து நின்று, ஐந்தாண்டு தோண்டியும் ஒரு கூடை நிலக்கரி கண்டிலாத அவ்வூரை எள்ளி நகைத்தது.

குவியலின் அடியில், கல்தட்டுகள் நிறைந்த சிற்றறையில், பாறையின் அகவை கணிப்பவர் உருப்பெருக்கு ஆடியோடு அமர்ந்திருந்தார். கல்லில் உறைந்த சிப்பியும் பூச்சியும் இலையும் கண்டு அடுக்கின் காலத்தை மொழிபவராதலின், ஊரார் அவரைச் சிப்பியார் என்றனர். அடியில் கிடப்பதே மூத்தது என்பது அவருக்கு மறைமொழி. துவைத்து மடித்த துணியடுக்கிலும் அதனையே கண்டு, அடியிலிருந்த மனைவியின் புத்தாடையைப் பழங்கந்தல் என்றுரைத்து மூன்று நாள் பட்டினி கிடந்தவர்.

குழித்தலைவரோ அவருடைய தமையனார். பெற்றோரை இழந்த தம்பியைத் தோளில் சுமந்து வளர்த்தவர். கீழே கரி உண்டென்று அன்று மாலைக்குள் சிப்பியார் எழுதித் தாராவிடின் உடைமையாளர் குழியை மூடிவிடுவர். அறுபது வீட்டு அடுப்பும் அவியும். ஆனால் நூறு முழ ஆழத்தில் கிடைத்ததோ, மரமென்பதே மண்ணில் முளையாத காலத்துக் கடற்பூச்சி. மரமின்றிக் கரி ஏது? அதனினும் கீழே தோண்டுவது, மலடியின் பேரனுக்குத் தொட்டில் தேடுவதன்றோ!

அவ்வேளை, சேறு வடியும் கைகளோடு உள்நுழைந்த தமையனார் ஒரு கல்லை மேசைமேல் வைத்தார். அதில், பின்னர் நிலக்கரியாய் மாறிய பழங்காடுகளின் காலத்துப் பெரணியிலை ஒன்று நேற்று உதிர்ந்ததுபோல் விரிந்து கிடந்தது.

"பாருடா. குழி அடியில, பூச்சிக்குக் கீழ இருந்துச்சு. நானே பெயர்த்தேன்."

"பூச்சிக்குக் கீழ பெரணியா? தாத்தாவுக்கு முன்னாடியே பேரன் பொறந்துட்டான்னு சொல்ற மாதிரி இருக்குண்ணே. எந்தப் பள்ளத்தாக்குல பொறுக்கின?"

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் சொல்லல. கல்லு சொல்லுது."

"கல்லு பேசுறது கேக்குது, கூடப் பொறந்தவன் பேசுறது கேக்கலையாக்கும்? நல்லா இருப்பா. நாளைக்கு நீ விழுந்தா அந்தச் சிப்பியே வந்து தூக்கட்டும்."

தமையனார் போனபின், 'பிற நிலத்தினின்று கொணர்ந்து இடப்பட்ட போலிச் சான்று' என்று அக்கல்லின் சீட்டில் எழுதி ஒப்பமிட்டார் சிப்பியார். குழி மூடப்பட்டது. அறுபது குடும்பங்களும் காற்றில் பதர்போல் சிதறின. பொய்யன் என்னும் பெயரைச் சுமந்து ஊர்விட்டகன்ற தமையனார், வேறொரு குழியின் வாயிலில் காவலராய் நின்று, தம்பியின் மடல்கள் ஒன்றையும் பிரிக்காமலே மாண்டார். சாவுச்செய்தி வந்த நாளிலும் சிப்பியார் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்களை மட்டும் துடைக்கவில்லை. வாய்மைக்கு உடன்பிறப்பில்லை என்று சான்றோர் அவரைப் போற்றினர். பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க மொழியே அது.

பதினோராண்டு கழித்து வேறொருவர் அக்குழியை முப்பது முழம் ஆழப்படுத்தியபோது, நிலநெருக்கத்தால் அவ்விடத்துப் பாறைகள் முன்னொரு காலத்தே மூத்தது மேலும் இளையது அடியுமாய்த் தலைகீழாய் மடிந்திருந்தமை தெரிந்தது. பெரணியிலைகளுக்குக் கீழே கரி இருந்தது.