துண்டுக்கு அடியில் இரண்டு விரல்

எங்கள் ரத்தினக் கல் சந்தையில் விலையை வாயால் சொல்கிறவனை யாரும் வியாபாரியாக மதிப்பதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேரும். எதிராளியின் உள்ளங்கையில் எத்தனை விரல் அழுத்துகிறதோ அதுதான் விலை. வாய் அதுபாட்டுக்கு வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிற கழுகுக் கண்களுக்கு ஒன்றும் புரியாது. விரல் சொன்னது சொன்னதுதான், அப்புறம் பேச்சு மாறக் கூடாது.

இதில் என் அக்காள் புருஷனை மிஞ்ச ஆள் கிடையாது. விரல் வேகத்தைப் பார்த்துச் சந்தையே அவருக்குத் 'தந்தி' என்று பெயர் வைத்திருந்தது. எதிர் மேஜையில் உட்கார்ந்து அவரிடம் தோற்றுத் தோற்றே தொழில் கற்றவன் நான்.

அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கால் சீக்கிரமே சமாதானமாகிவிட்டது. கைதான் முறுக்கிக்கொண்டு நின்றது. ஒரு விரலைக் கூப்பிட்டால் நாலும் கூட்டமாக வந்தன. அந்தக் கையோடு மனிதர் சந்தைக்குப் போனார். ஒரு பச்சைக் கல்லுக்கு இரண்டு விரல் வைக்க நினைத்தார், நாலும் போய் அழுந்தின. விற்றவன் இமைகூடக் கொட்டாமல் "தந்தேன்" என்று துண்டை உருவிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், மாசக் கடைசியோட என் இடத்தை நீயே எடுத்துக்கோ. கை உளறுது."

வேறு எவன் சொல்லியிருந்தாலும் அன்றைக்கே அவன் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருப்பேன். ஆனால் அத்தான் இல்லாத சந்தையில் நான் யாரோடு மல்லுக்கட்டுவது? அக்காவும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

அங்கே கைப்பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சுப் பட்டைகளை அவர் தலையில் வைத்து நாடாவால் கட்டினார். அதிலிருந்து ஒயர் போய் உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றில் சேர்ந்தது.

"ரொம்பக் கொஞ்சமாத்தான் கரண்டு போகும் சார். லேசா அரிக்கும், அவ்வளவுதான்."

"எவ்வளவு?"

"ரெண்டு மில்லி ஆம்பியர்."

"பழகின இடம்மா. ஒரு மூணாப் போட்டுக் கொடுங்க."

"இது கறார் விலைக் கடை சார்."

அத்தான் முகத்தில் முதல் தடவையாக மரியாதை தெரிந்தது.

ஆனால் அவர் செய்த காரியம் என்ன தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டார். எதிரே பலகையும் அதில் செருக வேண்டிய மரக்குச்சிகளும் அப்படியே கிடந்தன. கரண்டை வேலைக்கு ஆளாகப் போட்ட பிறகு முதலாளி எதற்குக் குனிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார்.

"அரிப்பு நின்னுபோச்சேம்மா. சரக்கு தீர்ந்துபோச்சா?"

"தோல் பழகிடுச்சு சார். கரண்டு உங்க கையை ஆட்டாது. கையை ஆட்டற மூளைப்பகுதியைக் கொஞ்சம் உசுப்பி வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துல நீங்கதான் விரலுக்கு வேலை கொடுக்கணும். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கும்னும் நான் சொல்ல மாட்டேன்."

"குச்சியை ஓட்டையில சொருகி நான் என்னத்தைக் கண்டேன்?"

"சரி, உங்களுக்குப் பிடிச்ச விரல் வேலை எது?"

நான் தோளிலிருந்த துண்டை எடுத்தேன். சட்டைப் பையிலிருந்து ஒரு நீலக் கல்லை எடுத்து மேஜையில் வைத்தேன். அசல் கல். பொய் வியாபாரத்துக்கு அவர் சுண்டுவிரல்கூட வராது என்று எனக்குத் தெரியும்.

அன்று நாலும் அழுந்தின. "தந்தேன்னு சொல்லிடட்டுமா?" என்று சீண்டினேன். "சொன்னா உங்கக்காவை உன் வீட்டுக்கே அனுப்பிடுவேன்" என்றார். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதைதான். ஒயரும் தலையுமாக அவர் உட்கார்ந்திருப்பார். துண்டுக்கு அடியில் நாலு விரல் வந்து என் உள்ளங்கையில் மொத்தமாக விழும். சில நாள் மூன்றரை விழுந்ததாக எனக்குத் தோன்றும், ஆசைதான் என்று விட்டுவிடுவேன். மாதம் தேய்ந்துகொண்டே வந்தது.

கடைசி வாரத்தில் ஒருநாள் அத்தான் வாய் அக்காவின் குறட்டையைப் பற்றிச் சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தது. துண்டுக்கு அடியில் ஆள்காட்டி விரல் அழுந்தியது. நடுவிரல் அழுந்தியது. மற்ற இரண்டும் வருமென்று காத்திருந்தேன். அவை என் தோல்மேல் நடுங்கின, பிறகு மெல்ல மேலே எழும்பி நின்றுகொண்டன.

"அத்தான், கை நடுங்குது. நாலுதானே?"

"ரெண்டு."

"அநியாயம்! இது என்ன கல்லுன்னு தெரியுமா?"

"தெரிஞ்சுதான் ரெண்டு வச்சேன்."

மறுபடியும் அழுத்தினார். சந்தேகமே இல்லை, இரண்டேதான். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான விலைக்கு நான் எதையும் விற்றதில்லை.

"தந்தேன்!" என்று கத்தினேன். டாக்டரம்மா ஓடி வந்தார்.

"என்னை மொட்டையடிச்சுட்டாரு டாக்டரம்மா!" என்று சொல்லிக்கொண்டே அத்தானை ஒயரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். "நான் குறட்டை விடறேனா? வீட்டுக்கு வாங்க" என்றும் சொன்னாள்.

அத்தான் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்மா?"

"பத்து நிமிஷம் சார்."

"மச்சான், என் நாற்காலியில கண்ணு வைக்காதே. கையை இப்படிக் கொடு. பையில இன்னொண்ணு வச்சிருக்கியே, அதையும் எடு."

நான் துண்டை உதறி விரித்தேன்.