இறக்கை மேல் ஒரு கை

ஆர்வோவின் கருவிக்கு அன்று காலை பத்துக் கட்டங்களில் தேர்வு. மூன்று கட்டங்களில் அது பொய் சொன்னால் போதும். மூன்று குளிர்காலத்து உழைப்பையும் மூட்டை கட்டிவிட்டு, பயணிகளின் பெட்டிகளைச் சுமந்து வரும் பட்டையைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு அவன் ஜனவரி முதல் போகவேண்டும். அதற்கான கடிதம் தட்டச்சாகி, தேதி மட்டும் போடப்படாமல், மேலதிகாரியின் மேசையில் காத்திருந்தது. மேசைக்கு எதிரே நின்று ஆர்வோ அதைத் தலைகீழாகவே படித்து முடித்திருந்தான்.

ஓடுபாதையின் கடைசியில், இனிப் பறக்கப்போவதில்லை என்று ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய விமானம் நின்றது. அதன் இடது இறக்கையில் கோடையிலேயே அளவுகோல் வைத்து நீல வண்ணத்தில் பத்துக் கட்டங்களை வரைந்தவன் ஆர்வோ. விடியற்காலையில் மெல்லிய தூறல் விழுந்து, விழுந்த இடத்திலேயே உறைந்திருந்தது. ஆனால் எந்தக் கட்டத்தில் உறைந்தது, எதில் உறையவில்லை என்பது கண்ணுக்குத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் கருவி. இறக்கைக்கு அருகே நிறுத்திய கம்பத்தின் உச்சியிலிருந்து அது ஒரே ஒழுங்கில் அதிரும் ஒளியை இறக்கை மேல் வீசும். வெற்று உலோகம் அந்த ஒளியை வந்தபடியே திருப்பி அனுப்பும்; பனிக்கட்டி அதைச் சற்றுத் திருகி அனுப்பும். திருகல் இருந்தால் திரையில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

கருவிக்கு எதிராளி வெய்யோவின் வலது கை. முப்பத்தோராண்டுகளாக விமானங்களின் மேல் பனி நீக்கும் திரவத்தைப் பீய்ச்சுகிறவர் அவர். பீய்ச்சியபின் வெறுங்கையால் இறக்கையைத் தடவிப் பார்த்து, "போகலாம்" என்று சொல்கிறவரும் அவரே. விறகு அறுக்கும்போது சுண்டுவிரலில் பாதி போய்விட்டது. மிச்சமிருந்த நான்கரை விரலுக்குத்தான் சட்டத்தில் இறுதிச் சொல் இருந்தது.

தலைநகரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் ஹில்க்கா அம்மையார் படிவத்தை அட்டையில் செருகிக்கொண்டு கீழே நின்றார். ஆர்வோ நீட்டிய இலவங்கப்பட்டை ரொட்டியை அவர் தொடவில்லை.

"வேலை முடியட்டும். சாப்பிட்டுக்கிட்டே எழுதினா எழுத்துல எண்ணெய் படும்," என்றார். "முறையைச் சொல்றேன், கேளுங்க. ஒரு கட்டத்துக்கு ஒரே படம். எடுத்ததும் திரைய மூடிடணும். அப்புறம் கை. கை சொல்றதுதான் உண்மை."

"கேட்டியா தம்பி?" ஏணி மேலிருந்து வெய்யோ கண்ணடித்தார். "உன் பெட்டிக்கு எவ்வளவு செலவு? என் கைய எங்கம்மா சும்மாவே குடுத்துட்டாங்க."

"பாதி விரலக் கழிச்சுட்டுத்தானே அண்ணே?"

"அந்தப் பாதி விரலே போதும், உன் பெட்டிய ஜெயிக்க!"

வெய்யோவின் வலது கை காப்பிக் குவளையை விட்டுப் பிரியவே இல்லை. சூடான குடுவையிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருந்தார். குளிரில் விறைத்த கைக்கு உணர்ச்சி இருக்காது. ஆகவே கையைக் காய்ச்சி வைத்துக்கொள்வதுதான் தொழில் தர்மம் என்பது அவர் கொள்கை. கட்டம் வந்ததும் குவளையை இடக்கைக்கு மாற்றி, வலது உள்ளங்கையை இறக்கையில் அழுத்தி, கண்ணை மூடி, நிதானமாக இருபது வரை எண்ணுவார். அவசரப்படுகிற ஆள் என்று அவரை யாரும் குறை சொன்னதில்லை.

முதல் இரண்டு கட்டங்களில் கருவி பச்சை காட்டியது, கையும் ஒப்புக்கொண்டது. மூன்றாவதில் சிவப்பு. வெய்யோ இருபது எண்ணினார்.

"பனி இல்ல. ஈரம்தான்."

ஹில்க்கா எழுதினார். ஐந்தாவது கட்டத்தின் பனி உப்புக்கல் போல் கரடாக இருந்ததால் தகராறில்லை. ஆறாவதில் மறுபடியும் சிவப்பு, மறுபடியும் "ஈரம்தான்". ஆர்வோ விரல்விட்டு எண்ணினான்: இரண்டு பொய்.

ஒன்பதாவதில் சிவப்பு.

"பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஈரம்தான்!" வெய்யோ கையைக் கால்சட்டையில் துடைத்தார். "மனச விட்டுராத தம்பி. பெட்டி தூக்குற பிரிவுல மத்தியானச் சூப்பு நல்லா இருக்குமாம்."

துடைத்த கையிலிருந்து ஒரு சொட்டு ஏணிப் படியில் விழுந்தது. விழுந்த சொட்டு ஆர்வோவின் கண்ணெதிரே வெளுத்து உறைந்தது. அவன் அதையே பார்த்தான். பிறகு குவளையைப் பார்த்தான். அதிலிருந்து எழும் ஆவியைப் பார்த்தான்.

"மேடம்! மைனஸ் நாலு டிகிரியில தண்ணி எப்படித் தண்ணியாவே இருக்கும்? அந்தக் கட்டத்த இன்னொரு படம் எடுக்க விடுங்க."

"ஒரு கட்டத்துக்கு ஒரே படம்."

"ஆனா அண்ணனோட கையே..."

"உங்க கேள்வி நியாயமா இருக்கலாம். நியாயத்துக்கு இந்தப் படிவத்துல இடம் விடல." ஹில்க்கா பத்தாவது கட்டத்துக்கு விரலை நீட்டினார். அது பச்சை, கையும் ஒப்புக்கொண்டது. அவர் பேனாவை மூடப்போனார்.

ஆர்வோ அந்தப் படிவத்தை மூன்று குளிர்காலமும் படித்தவன். "பதினாலாவது விதி மேடம்! தேர்வு முடிஞ்சதும் கருவி வேலை செய்யுதான்னு ஏதாவது ஓர் இடத்தப் படம் எடுத்துக் காட்டணும்."

ஹில்க்கா பக்கத்தைப் புரட்டினார். அங்கே பதினான்காவது விதி இருந்தது. விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அவருக்கு வேறு வழியில்லை.

"காட்டுங்க."

ஆர்வோ கம்பத்தை ஒன்பதாவது கட்டத்தின் பக்கம் திருப்பினான். பொத்தானை அழுத்தினான். திரையில் கட்டம் முழுவதும் சிவப்பு பரவியது. சிவப்பின் நடுவே, பளிச்சென்ற பச்சையில், யாரோ ஆசீர்வதித்ததுபோல ஒரு கை விரிந்திருந்தது. உள்ளங்கை, கட்டைவிரல், மூன்று முழு விரல்கள், ஒரு பாதிச் சுண்டுவிரல்.

ஹில்க்கா குனிந்து திரையைப் பார்த்தார்.

"அது யார் கை வேணாலும் இருக்கலாம்," என்றார் வெய்யோ.

"உங்க கையப் பக்கத்துல வைங்க," என்றார் ஹில்க்கா.

வெய்யோ இறங்கி வந்து திரையருகே கையைப் பிடித்தார். சிறிதும் பெரிதுமாக இரண்டு கைகள். வெட்டுப்பட்ட இடம் இரண்டிலும் ஒன்றே.

"அப்போ இத்தனை நேரமா நான்..."

"நீங்க பனியக் கண்டுபிடிக்கல அண்ணே. சூடான கைய வெச்சு அத உருக்கிட்டீங்க."

ஹில்க்கா கையுறையைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினார். குலுக்கியவர்களுக்குப் பல நாள் நினைவிருக்கும் அளவுக்குக் குளிர்ந்த கை அவருடையது. மூன்று, ஆறு, ஒன்பது ஆகிய கட்டங்களில் வெய்யோவின் கை பட்ட இடத்துக்கு வெளியே நகத்தால் கீறினார். மூன்றிலும் வெங்காயத் தோல் போன்ற கண்ணாடிச் சில்லுகள் பெயர்ந்து வந்தன. இறங்கி, அளவுகோல் வைத்து மூன்று பிழைகளையும் நேர்கோட்டில் அடித்து, ஒவ்வொன்றின் அருகிலும் கையொப்பமிட்டார்.

"கருவி தேறிடுச்சு," என்றார். "இப்போ அந்த ரொட்டியக் குடுங்க."

ஆர்வோவுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. உணர்ச்சியை வெளியே காட்டாத அந்த ஊர் வழக்கப்படி, "சரி" என்று மட்டும் சொன்னான்.

"அப்படின்னா என் கைக்கு வேலையே இல்லையா?" வெய்யோவின் குரலில் முதன்முறையாகச் சுருதி இறங்கியது.

"இருக்கு," என்றார் ஹில்க்கா. ரொட்டியை எட்டத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் பேனாவைத் திறந்தார். படிவத்தின் கடைசி வரி இன்னும் காலியாக இருந்தது: தேர்வின்போது பனி நீக்கப்பட்டிருந்தால், அதற்குப் பயன்பட்ட சாதனம். எந்த வரியையும் காலியாக விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை. திருத்தமான கையெழுத்தில் எழுதினார்: "வலது கை, ஒன்று. விரல்கள், நான்கரை."